அமெரிக்காவில் ஒரு சின்னக் கடையை விலைக்கு வாங்குவது: முதல் போனிலிருந்து சாவி கைக்கு வரும் வரை

நியூ ஜெர்சியில் ஒரு ஸ்ட்ரிப் மால் மூலையில் இருக்கும் லாண்ட்ரோமேட்டை, அதாவது காசு போட்டுத் துணி துவைக்கும் கடையை, வாங்கி முடிக்க எனக்கு 16 மாதம் ஆனது. அதற்கு முன் இரண்டு கடைகள் கைக்கு எட்டி நழுவின. அந்த இரண்டிலும் வக்கீலுக்கும் சிபிஏ என்ற கணக்காளருக்கும் கொடுத்தது மட்டும் 11,000 டாலர். யாராவது முன்கூட்டியே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். இப்போது வாரம் ஒருவர் போன் செய்கிறார்: "ஐடி வேலை எத்தனை நாளைக்குன்னு தெரியல, ஒரு கடை பாக்கலாம்னு இருக்கேன்." ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் வரிசையாக எழுதிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, கணக்காளரும் இல்லை. அடிபட்டு ஒரு கடை வாங்கியவன், அவ்வளவுதான்.

1. கடையைப் பார்ப்பதற்கு முன் விசாவைப் பாருங்கள்

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் ஒரு நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கலாம். அந்தக் கடையில் நின்று கல்லாவைப் பார்ப்பதும், ஆள் எடுப்பதும், சரக்கு ஆர்டர் போடுவதும் வேறு விஷயம். சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான், அனுமதி இல்லாத வேலை. இந்த அளவுக் கடைகள் முதலாளி நின்று நடத்துவதை நம்பியே இருப்பதால், "நான் முதலீடு மட்டும்தான்" என்ற பேச்சு நடைமுறையில் ரொம்ப நாள் நிற்காது. கணவனோ மனைவியோ எச்-4 என்ற துணைவர் விசா வழியாக வேலை அனுமதி அட்டை வைத்திருந்தால் அவர் சொந்தத் தொழில் நடத்தலாம். ஆனால் அந்த அட்டை மற்றவருடைய எச்-1பி-யோடு முடிச்சுப் போட்டது. அது போனால் இதுவும் போகும்.

இ-2 முதலீட்டாளர் விசா இந்தியக் குடிமக்களுக்குக் கிடையாது, ஏனென்றால் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் அதற்கான ஒப்பந்தம் இல்லை. இலங்கை, சிங்கப்பூர், கனடா குடியுரிமை உள்ள தமிழர்களுக்கு உண்டு. மலேசியாவுக்கு இல்லை. சில புரோக்கர்கள் இது தெரியாமலேயே "இ-2 எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள். குடிவரவு வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

2. எந்த அளவுக் கடை என்று முடிவு செய்யுங்கள்

"ஸ்மால் பிசினஸ்" என்ற சொல்லை வைத்துத் தேடினால் குழம்பிப்போவீர்கள். அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகமான எஸ்பிஏ-வின் புள்ளிவிவரங்களில், 500 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் எல்லாமே சிறுதொழில்தான். இன்னொரு பக்கம், அந்தக் கணக்கில் வரும் தொழில்களில் பத்தில் எட்டுக்கு ஒரு ஊழியர்கூடக் கிடையாது. ஆள் ஒருவர், கணினி ஒன்று, அவ்வளவுதான். நீங்கள் தேடுவது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

தொழில் வாங்கி விற்கும் புரோக்கர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "மெயின் ஸ்ட்ரீட்". அவர்களுடைய சங்கமான ஐபிபிஏ தன் காலாண்டு ஆய்வில், 20 லட்சம் டாலர் வரை கைமாறும் தொழில்களை மெயின் ஸ்ட்ரீட் என்று வகுக்கிறது. அதற்கு மேல் 5 கோடி டாலர் வரை "லோயர் மிடில் மார்க்கெட்". அங்கே முதலீட்டு நிறுவனங்கள் வரும், கணக்குப் போடும் முறையே மாறிவிடும்.

நடைமுறையில் நீங்கள் பார்க்கப் போகும் கடைகளில் பெரும்பாலானவை 10 லட்சம் டாலருக்குள் அடங்கும். முதலாளியும், அவர் மனைவியோ தம்பியோ ஒருவரும், நாலைந்து பகுதிநேர ஆட்களும் இருப்பார்கள். லாண்ட்ரோமேட், டிரை கிளீனர், சாண்ட்விச் கடை, மதுக்கடை, பெட்ரோல் பங்கோடு சேர்ந்த கன்வீனியன்ஸ் ஸ்டோர், கார் ரிப்பேர் ஷெட், முடிதிருத்தகம், குழந்தைகள் டியூஷன் மையம், வீடு சுத்தம் செய்யும் சேவை, இப்படி.

ரொம்பச் சின்னதாகவும் போகாதீர்கள். முதலாளி கைக்கு ஆண்டுக்கு 60,000 டாலர்தான் வருகிறது என்றால், கடன் தவணை போனதும் உங்கள் குடும்பத்துக்கு மளிகைச் செலவுகூட மிஞ்சாது. ஆனால் அந்தக் கடைக்கும் வக்கீல், லீஸ், கணக்குச் சோதனை எல்லாம் ஏறக்குறைய அதே செலவுதான். முதலாளி கைக்கு ஒரு லட்சத்துக்குக் குறைவாக வரும் கடையை நான் இப்போது திறந்துகூடப் பார்ப்பதில்லை.

3. இதில் என்ன கவர்ச்சி, யாருக்கு ஒத்துவராது

விலைதான் முதல் கவர்ச்சி. பெரிய கம்பெனிகளின் பங்கு பல ஆண்டு லாபத்துக்குச் சமமான விலையில் விற்கும்போது, இந்தக் கடைகள் முதலாளி கைக்கு வரும் வருமானத்தைப் போல இரண்டு முதல் மூன்று மடங்குக்குள் கிடைக்கின்றன. 5 லட்சத்துக்குக் கீழே என்றால் இரண்டு மடங்கை ஒட்டி, 10 லட்சத்தைத் தாண்டினால் மூன்றைத் தொட்டோ சற்றுத் தாண்டியோ. இவ்வளவு மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய முதலீட்டாளர் இந்தப் பக்கம் வரமாட்டார், ஏனென்றால் ஒரு மேனேஜருக்குச் சம்பளம் கொடுத்தால் லாபமே கரைந்துவிடும். முதலாளி போய்விட்டால் வாடிக்கையாளரும் போய்விடலாம். கணக்குப் புத்தகம் அரைகுறை. அந்த மலிவு இந்த மூன்றுக்குமான தள்ளுபடி.

அடுத்தது, முதல் நாளே கல்லாவில் காசு விழும். புதிதாகத் தொடங்கினால் வாடிக்கையாளர் வரும் வரை ஒன்றரை வருடம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டும். இங்கே மின்கட்டணம் முதல் ஆள் வரை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கியும் மூன்று வருட வரிக்கணக்கு இருக்கும் கடைக்குத்தான் முகம் கொடுத்துப் பேசும்.

யாருக்கு ஒத்துவராது? "ஆள் வைத்து நடத்திக்கொண்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்" என்பவர்களுக்கு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் குளிர்காலத்தில், இரவு பதினொன்றரைக்கு டிரையர் ஒன்றில் யாரோ விட்டுவிட்ட கிரயான் உருகி அடுத்தவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ஊதாவானபோது, அந்த நினைப்பு போய்விட்டது.

4. எஸ்டிஇ கணக்கைப் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த உலகத்தில் எல்லா விலையும் எஸ்டிஇ என்ற எண்ணை வைத்துத்தான். ஒரே ஒரு முதலாளி கடையில் முழுநேரம் உழைத்தால், வருடக் கடைசியில் அவர் கைக்கு மொத்தம் எவ்வளவு வந்து சேரும் என்பதுதான் அது. வரிக்கணக்கில் காட்டிய லாபத்தோடு முதலாளி சம்பளம், வட்டி, தேய்மானம், கடைக்குச் சம்பந்தமில்லாத சொந்தச் செலவுகள் இவற்றைக் கூட்டிக்கொள்வார்கள்.

நான் வாங்கிய கடையை ஒட்டி, எண்களை வட்டமாக்கித் தருகிறேன். வரிக்கணக்கில் லாபம் 48,000. முதலாளி எடுத்த சம்பளம் 45,000. வட்டி 6,000. தேய்மானம் 22,000. அவருடைய கார், வீட்டு போன் வகையில் 9,000. ஆக எஸ்டிஇ 1,30,000 டாலர். கேட்ட விலை 3,50,000, அதாவது 2.7 மடங்கு.

இதைப் பார்த்ததும் "வருடம் ஒன்று முப்பது" என்று வாயைப் பிளக்காதீர்கள். 10 சதவீதம், அதாவது 35,000 கையிலிருந்து போட்டு 3,15,000 கடன் வாங்குகிறீர்கள். 10 வருடம், 10.5 சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 4,250, வருடத்துக்கு 51,000. மிஞ்சுவது 79,000. வாஷர்களும் டிரையர்களும் என்றைக்கோ மாற்ற வேண்டியவை, அதற்கு வருடம் 15,000 ஒதுக்கினால் 64,000. நீங்கள் நிற்காமல் ஒரு மேனேஜருக்கு 48,000 கொடுத்தால் 16,000. இவ்வளவு கடனுக்கும் சொந்தக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருடம் 16,000 போதுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். நீங்களே நிற்பதாக இருந்தால் கதை வேறு.

விற்பவர் தரும் தாளில் லாபத்தோடு கூட்டும் பட்டியல் ஒன்று இருக்கும். அங்கேதான் விளையாட்டு. மகனுடைய கல்லூரிக் கட்டணம் கடைக் கணக்கில் போயிருந்தால் கூட்டலாம். "இந்த வருடம் மட்டும் வந்த ரிப்பேர்" என்று மூன்று வருடமும் இருந்தால் கூட்டக் கூடாது. கணவனும் மனைவியும் இருவரும் கடையில் நின்றிருந்தால் ஒருவர் சம்பளத்தை மட்டும் கூட்டுங்கள். இன்னொருவர் இடத்துக்கு நீங்கள் ஆள் வைக்க வேண்டுமே.

5. பணத்தை வரிசைப்படுத்துங்கள்

பெரும்பாலானோர் போவது எஸ்பிஏ 7(ஏ) கடன் வழியாக. கடனை வங்கிதான் தரும். அதில் ஒரு பகுதிக்கு அரசு உத்தரவாதம். உச்சவரம்பு 50 லட்சம் டாலர். தொழில் வாங்கப் பொதுவாக 10 வருடக் கெடு, வட்டி பெரும்பாலும் பிரைம் என்ற வங்கி அடிப்படை வட்டி விகிதத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மொத்தச் செலவில் குறைந்தது 10 சதவீதம் உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். விற்பவரே விலையில் கொஞ்சத்தைக் கடனாக விட்டுவைத்தால், அந்த 10 சதவீதத்தில் பாதி வரை அதை எண்ணிக்கொள்ளலாம். ஆனால் 2025 விதிப்படி அந்தத் தொகைக்கு எஸ்பிஏ கடன் முடியும் வரை அவர் ஒரு காசு வாங்கக் கூடாது. இதைக் கேட்டதும் பல விற்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள்.

20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ள ஒவ்வொருவரும் சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட வேண்டும். கடை படுத்தால் கடன் உங்கள் தலையில். பங்குதாரர்களின் குடியுரிமை நிலை பற்றிய விதிகள் 2025-லிருந்து இறுகி வருகின்றன. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள், நண்பரோடு பங்கு போட்டு வாங்குபவர்கள், இதை வங்கியிடம் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். எல்லாத் தாளும் கொடுத்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டு நொந்தவர்கள் இருக்கிறார்கள்.

வங்கி கேட்கும் தாள்கள்: உங்கள் மூன்று வருட வரிக்கணக்கு, சொத்து-கடன் விவரத்துக்கு ஃபார்ம் 413, விண்ணப்பத்துக்கு ஃபார்ம் 1919, முன்பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கி அறிக்கைகள், ஒரு சின்னத் தொழில் திட்டம். ஊரிலிருந்து அப்பா அனுப்பிய பணம் என்றால் அதற்குப் பரிசுக் கடிதமும் அனுப்பிய ரசீதும் வேண்டும். கடைசி நேரத்தில் கணக்கில் வந்து விழுந்த பெரிய தொகையைப் பார்த்தால் வங்கிக்காரர் முகம் மாறிவிடும்.

401(கே) ஓய்வுப் பணத்தை அபராதமில்லாமல் கடைக்குத் திருப்பும் ராப்ஸ் என்ற வழி ஒன்று இருக்கிறது. சட்டப்படி சரிதான், ஆனால் தனியாக வரி கட்டும் சி-கார்ப்பரேஷன் வகைக் கம்பெனி தொடங்க வேண்டும், ஆண்டுதோறும் ஓய்வுத் திட்டத்துக்கான ஃபார்ம் 5500 போட வேண்டும், கடை மூழ்கினால் ஓய்வுக் காலமும் சேர்ந்து மூழ்கும். நான் தொடவில்லை.

6. தேடல், புரோக்கர், ரகசிய ஒப்பந்தம்

பிஸ்பைசெல் போன்ற விளம்பரத் தளங்களில் தொடங்கலாம். நல்ல கடை அங்கே வருவதற்குள் பாதி நேரம் போய்விடும், அதனால் உங்கள் வட்டாரத்து புரோக்கர்கள் நாலு பேரை நேரில் பார்த்து வையுங்கள். மெயின் ஸ்ட்ரீட் அளவில் புரோக்கர் கமிஷன் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதை விற்பவர் கொடுப்பார். உங்களிடம் சிரித்துப் பேசினாலும் அவர் விற்பவரின் ஆள் என்பதை மறக்க வேண்டாம்.

கடையின் பெயரைச் சொல்வதற்கு முன்னாலேயே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்பார்கள். போடலாம், ஆனால் படித்துவிட்டுப் போடுங்கள். அதன் பிறகு வாடிக்கையாளர் போல ஒருமுறை போய்ப் பார்க்கலாம். கடை ஆட்களிடம் "விற்கப் போறாங்களாமே" என்று வாயைத் திறந்துவிடாதீர்கள். ஆட்கள் பயந்து வேறு வேலைக்குப் போய்விட்டால் நீங்கள் வாங்குவது காலிக் கடை.

விற்பவரிடம் நேரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஏன் விற்கிறீர்கள் என்பது. வயதாகிவிட்டது, பிள்ளைகள் வரவில்லை என்பது நல்ல பதில். "வேறு வாய்ப்பு வந்திருக்கு" என்றால் இன்னும் கொஞ்சம் தோண்டுங்கள். நான் பார்த்துவிட்டு விலகிய ஒரு கடையில், எதிர்ப்புறம் பெரிய சங்கிலிக் கடை ஒன்று வரப்போவதற்கு டவுன்ஷிப், அதாவது ஊராட்சி நிர்வாகம், ஏற்கனவே அனுமதி கொடுத்திருந்தது. டவுன்ஷிப் திட்டக்குழுக் கூட்டக் குறிப்புகள் பொதுவில் கிடைக்கும். அரைமணி நேர வேலை.

ஃபிரான்சைஸ் கடை என்றால் கூடுதலாக அந்தக் கம்பெனியின் சம்மதமும் மாற்றுக் கட்டணமும் உண்டு. புதிதாக ஒப்பந்தம் போடுவதாக இருந்தால் ஃபிரான்சைஸ் விவரங்கள் எல்லாம் அடங்கிய எஃப்டிடி என்ற தடித்த ஆவணத்தைக் கையெழுத்துக்கு 14 நாள் முன்னால் உங்களிடம் தர வேண்டும்.

7. எல்ஓஐ: சின்னத் தாள், பெரிய விளைவு

விருப்பக் கடிதம் என்று சொல்லும் எல்ஓஐ இரண்டு மூன்று பக்கம்தான். பெரும்பகுதி சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் பிறகு நடக்கும் பேரம் எல்லாம் இதை வைத்துத்தான். விலை, எதெல்லாம் அதில் சேர்த்தி, முன்பணம் யார் கையில் இருக்கும், கணக்குச் சோதனைக்கு எத்தனை நாள், அதுவரை வேறு யாரிடமும் பேசக் கூடாது என்ற நிபந்தனை, இவை இருக்க வேண்டும். சோதனைக்கு 30 நாள் என்று புரோக்கர் எழுதித் தருவார். 45 கேளுங்கள். "வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலும், லேண்ட்லார்டு சம்மதிக்காவிட்டாலும் முன்பணம் முழுதும் திரும்பும்" என்ற வரி கட்டாயம் வேண்டும். முன்பணத்தை விற்பவர் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள், எல்லாம் முடியும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் வக்கீலின் எஸ்க்ரோ கணக்குக்குப் போகட்டும்.

8. கணக்குச் சோதனை: உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை

கேட்க வேண்டியவை: மூன்று வருட வரிக்கணக்கு (எஸ் கார்ப் வகைக் கம்பெனி என்றால் 1120-எஸ், தனி முதலாளி என்றால் ஷெட்யூல் சி), மாநில விற்பனை வரித் தாக்கல்கள், 24 மாத வங்கி அறிக்கை, கார்டு இயந்திர அறிக்கை, சம்பளத்துக்கான ஃபார்ம் 941, தண்ணீர்-எரிவாயு-மின்சார பில்கள், இயந்திரங்களின் பட்டியல் வயதோடு, லீஸ் எல்லாத் திருத்தங்களோடும். விற்பவர் கொடுத்த வரிக்கணக்கு மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்-இல் போட்டதுதானா என்பதை வங்கி ஃபார்ம் 4506-சி வழியாக ஒப்பிட்டுப் பார்க்கும். வங்கி இல்லாமல் வாங்கினால் விற்பவரையே ஐஆர்எஸ் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது அங்கே பதிவான வரிக்கணக்கின் விவரம், எடுத்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

"கணக்குல காட்டாம கையில நிறைய வருது" என்று கண் சிமிட்டுவார்கள். வரி கட்டாத பணத்துக்கு நீங்கள் மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. வங்கியும் அதை எண்ணாது. அரசாங்கத்தை ஏமாற்றியவர் உங்களிடம் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

லாண்ட்ரோமேட்டுக்கு ஒரு நல்ல வழி உண்டு: தண்ணீர் பொய் சொல்லாது. நான் விட்டுவந்த இரண்டாவது கடையில், இயந்திரங்களிலிருந்து காலாண்டுக்கு 90,000 டாலர் வருகிறது என்றார். தண்ணீர் பில்லை வாங்கினேன். மூன்று மாதத்துக்கு 214 யூனிட், ஒரு யூனிட் 748 கேலன், ஆக 1,60,000 கேலன். அங்கிருந்த வாஷர்கள் ஒரு தடவைக்கு சராசரி 20 கேலன் குடிக்கும் என்று தயாரிப்பாளரின் தாளில் இருந்தது. அப்படியானால் 8,000 தடவை. சராசரி 5 டாலர் என்றால் 40,000. டிரையர் வருமானம் அதில் ஏறக்குறைய பாதி என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணிப்பு, 20,000. மொத்தம் 60,000. கழிவறைக்கும் தரை துடைக்கவும் போன தண்ணீரை நான் கழிக்கக்கூட இல்லை. அப்படியும் மூன்றில் ஒரு பங்கு காற்று. கேட்டதற்கு, "மீட்டர் பழசு சார்" என்றார்.

ஒரே ஒரு பில்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விற்பதற்கு முன் சில மாதம் குழாயைத் திறந்துவிட்டு பில்லை ஏற்றுபவர்களும் உண்டு. 24 மாத பில்லை வரிசையாக வைத்து, எரிவாயு பில்லோடு ஒப்பிடுங்கள். தண்ணீர் ஏறி எரிவாயு ஏறாமல் இருந்தால், ஈரத் துணியை யாரும் காயவைக்காமல் எடுத்துப் போனார்களா என்ன?

மற்ற கடைகளிலும் இதே மாதிரி ஒரு நூல் இருக்கும். சாண்ட்விச் கடையில் ரொட்டி சப்ளையரின் பில். முடிதிருத்தகத்தில் நாற்காலி எத்தனை, அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தில் பெயர் எத்தனை. எதுவும் இல்லாவிட்டால் காரை எதிரே நிறுத்திவிட்டு எண்ணுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு வெள்ளி மாலை, ஒரு ஞாயிறு. என் மனைவி ஃபிளாஸ்கில் காபியோடு கூட வந்து, உள்ளே போனவர்களை நோட்டில் கோடு போட்டு எண்ணினார். விற்பவர் சொன்னதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது. அந்தக் கடையைத்தான் வாங்கினோம்.

டிரை கிளீனர், பெட்ரோல் பங்க் என்றால் நிலத்துக்கு அடியில் பாருங்கள். பெர்க் என்ற கரைப்பான் கசிந்து மண்ணில் இறங்கியிருந்தால், சுத்தம் செய்யும் செலவு கடை விலையைத் தாண்டும். டிரை கிளீனிங்கில் பெர்க்கைப் பத்து ஆண்டுக்குள் நிறுத்தும் விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ 2024 டிசம்பரில் வெளியிட்டது. சுற்றுச்சூழல் முதல்கட்ட ஆய்வு என்ற ஃபேஸ் 1 இல்லாமல் இந்த இரண்டையும் வாங்காதீர்கள். சில ஆயிரம் டாலர் ஆகும்.

9. லீஸ்: என் முதல் கடை போனது இங்கேதான்

அது ஒரு சாண்ட்விச் கடை. கணக்கு சுத்தம், விற்பவர் தங்கமான மனிதர், எல்லாம் பேசி முடிந்தது. லீஸில் 14 மாதம்தான் பாக்கி. "புதுப்பிச்சுத் தருவாங்க, பதினெட்டு வருஷமா இருக்கேன்" என்றார். லேண்ட்லார்டு ஆறு வாரம் பதிலே தரவில்லை. பிறகு வாடகை 40 சதவீதம் கூட்டி, இரண்டு வருடம் மட்டும் தருவதாகச் சொன்னார். வங்கி உடனே விலகிக்கொண்டது. கடன் 10 வருடம் என்றால், நீட்டிக்கும் உரிமைகளையும் சேர்த்து லீஸும் 10 வருடம் இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

அதனால் எல்ஓஐ போட்ட மறுநாளே லீஸைக் கேளுங்கள், வரிக்கணக்குக்கும் முன்னால். பார்க்க வேண்டியவை: மிச்சமுள்ள வருடம், நீட்டிக்கும் உரிமை புதிய வாடகைதாரருக்கும் சேருமா (சில லீஸில் அது முதல் கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும்), மாற்றித் தர லேண்ட்லார்டு சம்மதம் எப்படி, வாடகை வருடா வருடம் எவ்வளவு ஏறும். டிரிபிள் நெட் என்றால் சொத்து வரி, காப்பீடு, பொது இடப் பராமரிப்பு எல்லாம் உங்கள் தலையில். போன வருடம் அவை எவ்வளவு ஆயின என்ற கணக்கைத் தனியாக வாங்குங்கள். கட்டடத்தை இடிக்க முடிவு செய்தால் உங்களைக் காலி செய்யச் சொல்லும் வரி எங்கோ முப்பதாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும். லாண்ட்ரோமேட்டில் இயந்திரங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வேறு இடம் போக முடியாது. லீஸ் போனால் இரும்பு விலைதான்.

10. ஒப்பந்தமும் வரி நோட்டீஸும்

முதலில் எல்எல்சி என்ற வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனியைப் பதிவு செய்யுங்கள். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் பதிவுக்கு 300 டாலர், கலிஃபோர்னியாவில் ஆண்டுதோறும் குறைந்தது 800 டாலர் வரி. தொழிலுக்கான வரி அடையாள எண்ணான இஐஎன் ஐஆர்எஸ் தளத்தில் இலவசம், அதற்கு 200 டாலர் கேட்கும் இடைத்தரகர் பக்கங்களில் போய் விழாதீர்கள்.

கம்பெனியை வாங்காமல் அதன் சொத்துகளை வாங்குவதுதான் இந்த அளவில் வழக்கம். பழைய கம்பெனியின் கடனும் வழக்கும் உங்களோடு வராமல் இருக்க அதுதான் வழி. விலையை இயந்திரத்துக்கு இவ்வளவு, குட்வில் என்ற கடையின் நற்பெயருக்கு இவ்வளவு என்று பிரித்து இருவரும் ஃபார்ம் 8594-இல் ஒரே மாதிரி காட்ட வேண்டும். குட்வில்லை வரிக்கணக்கில் 15 வருடத்தில்தான் கழிக்க முடியும், இயந்திரம் அதைவிட வேகமாகக் கழியும். விற்பவருக்கு இது நேர்மாறாக வேலை செய்யும். ஆகவே கையெழுத்துக்கு முந்தின நாள் பேசாமல் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சொத்தாக வாங்கினாலும் ஒரு கடன் துரத்தும்: விற்பனை வரி போன்ற மாநில வரி பாக்கி. நியூ ஜெர்சியில் வாங்குபவர் ஃபார்ம் சி-9600-ஐ ஒப்பந்தத்தோடு சேர்த்து, முடிக்கும் நாளுக்குக் குறைந்தது 10 வேலை நாள் முன்னால் மாநில வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு பணத்தை எஸ்க்ரோவில் பிடித்து வைக்க வேண்டும் என்று அவர்கள் பதில் தருவார்கள். அனுப்பாவிட்டால் விற்பவருடைய பாக்கி உங்களுடையது. டெக்சாஸில் வரி பாக்கி இல்லை என்ற சான்றிதழை கன்ட்ரோலர் அலுவலகத்திலிருந்து வாங்கலாம். கலிஃபோர்னியாவில் மதுக்கடை என்றால் உரிமம் மாற எஸ்க்ரோ கட்டாயம், மாதக் கணக்கில் இழுக்கும். உங்கள் மாநில விதியை வக்கீலிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கடைச் சொத்துகள் மேல் யாருக்குக் கடன் உரிமை பதிவாகி இருக்கிறது என்று பார்க்கும் யூசிசி தேடலையும் மறக்காதீர்கள். டிரையர்களும் ஏடிஎம்-மும் சொந்தம் என்பார், பார்த்தால் தவணையில் இருக்கும். போட்டிக் கடை போடக் கூடாது என்ற நிபந்தனை மூன்று முதல் ஐந்து வருடம், பயிற்சி குறைந்தது இரண்டு வாரம், இவையும் எழுத்தில் வேண்டும். சரக்கு விலையில் சேர்த்தியா, கடைசி நாள் எண்ணித் தனியாகவா என்பதையும் எழுதுங்கள். மதுக்கடையில் அது மட்டுமே ஒரு லட்சம் டாலர் வித்தியாசம் ஆகலாம்.

செலவு விஷயத்தில் எனக்கு ஆனதைச் சொல்கிறேன்: வக்கீலுக்கு 6,500, சிபிஏவுக்கு 3,200, லீஸ் டெபாசிட் மூன்று மாத வாடகை, வங்கியின் கட்டணங்கள் தனி. இது போக ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு. 35,000 இருந்தால் கடை வாங்கிவிடலாம் என்று நினைத்தவன், கடைசியில் 78,000 இறக்கினேன். காலம் எல்ஓஐ-யிலிருந்து சாவி வரை நாலரை மாதம். எஸ்பிஏ கடன் மட்டும் 60 முதல் 90 நாள் எடுக்கும்.

11. சாவி வாங்கும் வாரம்

கார்டு இயந்திரக் கணக்கு உங்கள் பெயரில் திறக்க இரண்டு வாரம் பிடிக்கலாம், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். காப்பீடு அன்று காலையிலிருந்து ஓட வேண்டும், வங்கி அந்தத் தாள் இல்லாமல் பணம் விடுவிக்காது. தண்ணீர், மின்சாரம், எரிவாயு பெயர் மாற்றத்தை அன்றே மீட்டர் எண்ணோடு படம் எடுத்து அனுப்புங்கள். ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்து, வேலையும் சம்பளமும் அப்படியே இருக்கும் என்று விற்பவர் முன்னாலேயே சொல்லுங்கள். விலைப்பலகையை முதல் மூன்று மாதம் தொடாதீர்கள்.

அப்புறம், காசுப்பெட்டிப் பூட்டுகள். விற்பவர் ஒரு கொத்துச் சாவி தந்தார். அதே கொத்து எத்தனை பேரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை, பழைய ரிப்பேர்காரரிடம் ஒன்று இருக்கலாம் என்றார். 46 பூட்டு, ஒன்று 12 டாலர். அன்று இரவே நானும் மைத்துனரும் தரையில் உட்கார்ந்து மாற்றினோம், முடிக்கும்போது மணி இரண்டு.